கொம்பன் என்று சொல்லியிருக்கலாம்

சாயா வேண்டாம், சார். அடுத்தவர் வாங்கித் தருகிற சாயாவை நான் குடிப்பதில்லை. மட்டாஞ்சேரிக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். சாயா வாங்கித் தருகிறவன் பின்னாலேயே ஒன்று கேட்பான். நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள். கேளுங்கள். குடிக்காமலே சொல்கிறேன்.

நீங்கள் எழுதுவது மலையாளம். எனக்கு அது வாசிக்கத் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். அதனால் முடித்ததும் ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். நான் சொல்லாத சொல் ஒன்று உள்ளே கிடந்தால் கைநாட்டு வைக்க மாட்டேன். அப்புறம், என் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது அம்மைத் தழும்பு.

கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற ராசப்பன் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னதாகச் சொன்னீர்கள். நான் ஒரு சொல் சொன்னதும் நாய் கடியை விட்டது, அந்தச் சொல்லை முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நாய்க்குப் பேர் வைத்ததிலிருந்து வர வேண்டும்.

ஆண் நாய்க்குப் பேர் வைப்பது லேசான வேலை இல்லை. ஆள் தெரியாத இருட்டில் மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு நாய் தெரியாது, பல் தெரியாது. காவல்காரன் கூப்பிடுகிற பேர்தான் கேட்கும். அந்தப் பேரில் அவன் கால் நிற்க வேண்டும்.

பஜார் ரோட்டில் சேட்டுவின் கிட்டங்கிக்கு நான் காவல். உள்ளே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். முன்வாசல் ரோட்டுக்கு, பின்வாசல் காயலுக்கு. முற்றத்து ஓரத்தில் ஓர் அறை. அதில் நானும் என் பெண்டாட்டி மாயம்மாளும். பிள்ளைகள் இல்லை. இரண்டு பிறந்தது, இரண்டும் தங்கவில்லை.

முன்னே மணி என்று ஒரு நாய் இருந்தது. சேட்டு வைத்த பேர். பேருக்குத் தகுந்த மாதிரி, திருட வந்தவன் காலை நக்கி வழியனுப்பி வைத்தது. மிளகு மூட்டைகள் பின்வாசல் வழியாக வள்ளத்தில் ஏறிப் போயின. சேட்டு நாயைத் திட்டவில்லை. "இசக்கிமுத்து, உன்னைக் கண்டு ஒருத்தனாவது பயப்படுகிறானா?" என்று மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு மணியைச் சாக்கில் கட்டிக் காயலில் விட்டேன். அதை இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆகவே அதை எழுத வேண்டாம்.

சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டில் அல்சேஷன் கலப்பில் குட்டி போட்டிருந்தது. போய் ஒரு கடுவன் குட்டியை எடுத்து வந்தேன். பாதம் பெரிதாக இருந்தது. பாதம் பெரிதாக இருந்தால் நாயும் பெரிதாக வரும். பேருக்குத்தான் நாளாயிற்று. டைகர் என்று கூப்பிட்டால் பஜார் ரோட்டில் நாலு நாய் வரும், அதில் ஒன்று மூன்று காலில். கைசர் பக்கத்துக் கிட்டங்கி நாய். மீன்காரி செருப்பைக் கழற்றினால் கைவண்டிக்கு அடியில் போய்விடும்.

ராசப்பனுக்கு மூட்டையைவிட வாய் கனம். "மிசான்னு பேரிடு அண்ணாச்சி. கேட்டவன் எல்லாம் உள்ளே போயி கிடக்கும்" என்றான். எமர்ஜென்சி சமயம் அது. சொன்னவனே ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கில் இடியன்னு இடு. ஸ்டேஷன்ல ஒரு ஏட்டு உண்டு, அடிக்கிற அடிக்கு அந்த ஆளுக்கு அதாக்கும் பேரு" என்றான். அவர் இப்போதும் இங்கேதான் இருக்கிறாரா என்று தெரியாது. நாய்க்கு அந்தப் பேரை நான் வைக்கவில்லை.

எனக்கு வேண்டியது மலையாளத்தானுக்கும் தமிழனுக்கும் ஒரே மாதிரி உறைக்கிற பேர். கடைசியில் வந்தது கொம்பன். மலையாளத்தானுக்கு அது ஒற்றை ஆண் யானை. நம் ஆளுக்கோ, "நீ என்ன பெரிய கொம்பனா" என்று கேட்கிறோமே, அந்தக் கொம்பன். நீங்களே சொல்லிப் பாருங்கள். தாடை இறுகும்.

"அது கொள்ளாம்" என்றான் ராசப்பன். சேட்டுவும் தலையாட்டினார். கொஞ்ச நாளில் நான் குட்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்தால் "கொம்பன் வருது" என்பார்கள். நாயைச் சொல்கிறார்களா என்னைச் சொல்கிறார்களா என்று நான் கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும். நன்றாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து என் அக்கா முப்பிடாதி வந்து எங்களோடு தங்கிவிட்டுப் போனாள். அவள் இருந்த நாளெல்லாம் இரண்டு பெண்களும் அடுப்பங்கரையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா போன பிறகு குட்டிக்குச் சீக்கு வந்தது. மூக்கில் சளி, பின்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது. சேட்டு சொல்லி ஒரு டாக்டர் வந்து ஊசி போட்டார். அது ஊசியில்தான் பிழைத்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊசி போட்ட மறுநாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன். முற்றத்தில் சுக்குத் தோல் குப்பை குவிந்து கிடக்கும். அதன்மேல் குட்டியைக் கிடத்தியிருந்தாள் மாயம்மாள். ராசப்பன் அதை இரண்டு கையாலும் தூக்கினான். அவள் முந்தானையிலிருந்து ஒரு பிடி தவிடு எடுத்து அவன் கையில் போட்டுவிட்டுக் குட்டியை வாங்கிக்கொண்டாள். வாங்கி, அதன் காதில் மூன்று தடவை சொன்னாள்: "பிச்சை. பிச்சை. பிச்சை."

"என்னளா இது கூத்து?" என்றேன்.

"கூத்து என்ன, நம்ம பக்கத்து வழக்கம்லா. குப்பையில போட்டு, தவிட்டுக்கு வாங்கி, பிச்சைன்னு பேரு வச்சா, இது நமக்கு ஆகாத உருப்படின்னு எமன் விட்டுட்டுப் போயிருவான். நீங்க ரெண்டு பிள்ளைக்கும் பெரிய பெரிய பேரா வச்சிய. ரெண்டும் நிக்கலையே."

ராசப்பன் தவிட்டை ஊதிக்கொண்டே, "அண்ணாச்சி, நான் வித்த நாயாக்கும் இது. நல்லவண்ணம் நோக்கிக்கோணும்" என்றான்.

ரேஷன் அரிசியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். நான் கோபக்காரன் இல்லை. இந்த ரோட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இசக்கிமுத்து கை நீட்டிப் பார்த்ததுண்டா என்று. மனிதர்களை நான் அடித்ததே இல்லை.

குட்டி எழுந்தது, வளர்ந்தது, நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. நான் கொம்பா என்று கூப்பிட்டால் காதை நிமிர்த்திப் பார்க்கும். ஒரு யோசனை பண்ணிவிட்டு வரும். அவள் பிச்சை என்று கூப்பிட்டால் உடம்பு முழுக்க ஆட்டிக்கொண்டு ஓடும். அந்தப் பேரைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இறங்கும். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

சுமட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். காலையில் வாசலில் மூட்டையை இறக்கும்போதே ராசப்பன் குரல் கொடுப்பான்: "ஏய் பிச்சை, சாயா குடிச்சோ?" இன்னொருத்தன், "பிச்சை காவலு நிக்கிற கிட்டங்கி, ஆரு பேடிக்கும்?" என்பான். சிரிப்பார்கள். நாய் போய் அவர்கள் காலடியில் புரளும். அல்சேஷன் கலப்பு.

அதில் ஒன்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பேரை யார் சொன்னாலும் நாய் திரும்புவதற்கு முன்னே என் கழுத்து திரும்பியது.

சரி. எழுதிக்கொள்ளுங்கள். மூக்கில் இருப்பது அம்மைத் தழும்பு இல்லை. எனக்கு முன்னே என் அம்மைக்கு நாலு பிள்ளை பிறந்து செத்தது. அஞ்சாவது நான். என்னைக் குப்பையில் போட்டு, தவிட்டுக்கு வாங்கி, மூக்கைக் குத்தி வளையம் போட்டு, பிச்சை என்று பேர் வைத்தாள். பிழைத்துவிட்டேன். ஊரில் பிள்ளைகள் திருவோட்டைத் தட்டுகிற மாதிரி ஓட்டுச் சில்லைத் தட்டிக்கொண்டு என் பின்னாலேயே வருவார்கள். "பிச்சைக்குப் பிச்சை போடு" என்பார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரும் சிரித்தார். அத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கொச்சிக்கு ரயிலேறின அன்றைக்கு மூக்கு வளையத்தைக் கழற்றி எறிந்தேன். இங்கே பேர் கேட்டவனிடம் இசக்கிமுத்து என்றேன். எங்கள் பக்கம் இசக்கியம்மன் பேரைச் சொன்னால் அழுகிற பிள்ளையும் வாயை மூடும். கல்யாணத்தின்போது பெண்டாட்டி வீட்டிலும் அந்தப் பேர்தான். எங்கள் ஊர்க்காரர் யாரையும் நான் வீட்டில் அண்ட விட்டதில்லை, அக்காவைத் தவிர.

இப்போது பாருங்கள். அக்கா வருகிறாள், அடுப்பங்கரையில் குசுகுசுக்கிறாள், போகிறாள். உடனே வீட்டு நாய்க்கு அந்தப் பேர். வேறு பேரா இல்லை? குப்பை என்று வைத்திருக்கலாம், மூக்கன் என்று வைத்திருக்கலாம். என்னை முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் நாயை வைத்துச் சொல்கிறாள். முப்பது சுமட்டுக்காரர் வாயில் போட்டுச் சொல்ல வைக்கிறாள். அவளிடம் கேட்கவில்லையா என்றால், கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். இல்லை என்று சொல்வதை எப்படி நம்புவது.

அந்தப் பேர் வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "சரிங்க" என்பாள். மறுநாள் வாயில் வந்துவிடும். "வாயில வந்துருது, என்ன செய்ய" என்பாள். சிரித்த மாதிரி இருக்கும். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அவளை அடித்துத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. நாயைத் திருத்தலாம் என்று முடிவு செய்தேன்.

காலையில் அவள் பக்கத்து முற்றத்தில் இஞ்சி சுரண்டுகிற வேலைக்குப் போவாள். மத்தியானம்தான் வருவாள். அந்த நேரத்தில் நாயைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டுவேன். பிச்சை என்பேன், பிரம்பால் ஓர் அடி. கொம்பா என்பேன், மத்தித் தலை ஒன்று. முதலில் அதற்குப் புரியவில்லை. அந்தப் பேரைச் சொன்னதும் வாலை ஆட்டிக்கொண்டே அடி வாங்கியது. அடி வாங்கிவிட்டு என் கையை நக்க வந்தது. பொறுமை வேண்டும், சார். எந்தப் பழக்கமும் ஒரு நாளில் வராது.

பிறகு அந்தப் பேரைக் கேட்டாலே மூத்திரம் போக ஆரம்பித்தது. அதுவும் பிரயோசனம் இல்லை. பயந்த நாய் காவலுக்கு ஆகாது. அதனால் ஒரு சாக்கில் சுக்குத் தோலை அடைத்து, ஆள் குந்தியிருக்கிற உயரத்துக்கு முன்னால் வைத்தேன். பிச்சை என்றால் அடி விழும். சாக்கைக் கடித்தால் அடி நிற்கும். இது நாய்க்குச் சீக்கிரம் பிடித்துப்போயிற்று. கடித்தால் நிற்கிறது என்பதைப் போல எளிமையான விஷயம் வேறு இல்லை.

சாக்கின்மேல் அவளுடைய பழைய சேலை ஒன்றைச் சுற்றினேன். கையில் கிடைத்தது அதுதான். சாக்குத் தூசியில் நாய்க்குத் தும்மல் வரும். அப்புறம், என் முரட்டுக் குரலில் சொல்லி என்ன பிரயோசனம் என்று தோன்றியது. அவள் சொல்கிற மாதிரி, குரலை இறக்கி, மெலிசாகச் சொல்லிப் பழகினேன். எனக்கே அது வராது என்றுதான் நினைத்திருந்தேன். வந்தது. ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டு அடிக்க மறந்து கொஞ்ச நேரம் நின்றேன். நாய் மறக்கவில்லை, சாக்கைக் கடித்துப் பிய்த்தது.

அந்த மாதங்களில் அவளை நாய்ப் பக்கம் விடவில்லை. காவலுக்குப் பழக்குகிறேன், பெண்கள் கை பட்டால் கெட்டுவிடும் என்றேன். நம்பினாள். சாயங்காலத்தில் பின்கட்டு வாசலில் வந்து தூர நின்று பார்ப்பாள். பேரைச் சொல்ல மாட்டாள். உதடு மட்டும் அசையும். நாய் அவளைப் பார்த்து வாலை ஆட்டும். எனக்கு அது கவலையாக இருந்தது. வேலை முடியவில்லையோ என்று.

ஓணத்துக்கு மறுநாள் கிட்டங்கி பூட்டியிருந்தது. சுமட்டுக்காரர்கள் இல்லை. முற்றம் கழுவிவிட்ட மாதிரி அமைதி. காலைச் சோறு உண்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏளா, நாய் உன்னைத் தேடுது. போய் நீயே சோறு போடு."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "மெய்யாவா சொல்லுதிய?"

"மெய்யாத்தான். நீ வச்ச பேரைச் சொல்லியே கூப்பிடு. இனி நான் ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் அதைப் போட்டு அடிக்கமாட்டியளே? ராத்திரி அதுக்கு உடம்பெல்லாம் நடுங்குது. நான் பாக்கேன்."

"அடிக்கமாட்டேன்" என்றேன். அதற்கப்புறம் நாயை நான் ஓர் அடிகூட அடிக்கவில்லை. சொன்னால் சொன்னதுதான்.

அவள் மீன் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து வட்டிலில் எடுத்துக்கொண்டாள். போகிற வழியில் தலைமுடியைக் கோதிக்கொண்டாள், விருந்தாளியைப் பார்க்கப் போகிற மாதிரி. நான் சங்கிலியை அவிழ்த்துவிட்டு வாசலில் நின்றேன். கையில் பிரம்பு இருந்தது. பழக்கத்துக்கு வைத்திருந்தது.

அவள் குந்தி உட்கார்ந்து, வட்டிலை வைத்து, "பிச்சை" என்றாள்.

நாய்க்கும் அது லேசாக இல்லை. அதையும் எழுதுங்கள், பாவம். உடம்பு நடுங்கியது. வாலை ஆட்டியது. திரும்பி என்னைப் பார்த்தது, பிரம்பைப் பார்த்தது. அவள் கையை நீட்டி, "வா பிச்சை, நான்தாம்லா" என்றாள். பாய்ந்தது.

முதலில் கை, அப்புறம் தோள், அப்புறம் கழுத்து. ஆளைத் தெரியாமல் கடிக்கிறது என்று நினைத்தாள் போலிருக்கிறது. தெரியட்டும் என்று பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். "பிச்சை, விடு. பிச்சை, நான்தான். பிச்சை." அவள் கூப்பிடக் கூப்பிட அது இறுக்கிக் கடித்தது. அப்படித்தானே பழக்கியது.

நான் வாசலில்தான் நின்றேன். ராசப்பன் சொன்னது சரி. ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல் எனக்கு மட்டும் தெரிந்த சொல்லா, சார்? ஒரு வருஷத்துக்கு மேலாக அவளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த சொல்தானே. கொம்பன் என்று அவளே சொல்லியிருக்கலாம். ஒரு தடவை சொல்லியிருந்தால் விட்டிருக்கும். சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

அவள் சத்தம் நின்ற பிறகு ராசப்பன் உள்ளே வந்தான். எங்களுக்கென்று வீட்டிலிருந்து ஓணத்துக்கு வறுத்த வாழைக்காய் உப்பேரி கொண்டுவந்திருந்தான். பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, "அய்யோ சேச்சி" என்று கத்தினான். அப்போதுதான் நான் சொன்னேன். "கொம்பா, விடு." விட்டது. வந்து என் காலடியில் உட்கார்ந்தது. அதை நீங்களே பார்த்திருந்தால் நல்ல நாய் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

ராசப்பனும் நானும் அவளைத் தூக்கிக் கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம் போய்விட்டாள். நாய்க்கு வெறி என்று எல்லாரும் சொன்னார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லையே.

காரியத்துக்கு அக்கா வந்தாள். எல்லாரும் போன பிறகு அவளைக் கேட்டேன். "என் பழைய பேரை அவகிட்ட நீதானே சொன்னே?"

அவள் மூக்கைச் சிந்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் எதுக்குலே சொல்லணும்? தாலி கட்டுன அன்னைக்கே உன் மூக்கைப் பாத்துட்டு அவதான் என்கிட்ட வந்து, பிச்சைன்னு பேரு வச்சிருந்தியளான்னு கேட்டா. நீ மறைக்கேன்னு தெரிஞ்சு, இத்தனை வருஷமும் வாயைத் தொறக்காமக் கிடந்தா. இந்தத் தடவை வந்தப்பதான் சொன்னா. 'மதினி, மூணாவது ஒண்ணு பொறந்திருந்தா, அவுக பேரைத்தான் வச்சிருப்பேன். நான் பாத்ததுல செத்துப்போகாம நின்ன பேரு அது ஒண்ணுதான்'னா."

பார்த்தீர்களா, சார். தெரிந்துதான் இருந்திருக்கிறது. தாலி கட்டின அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நான் நினைத்தது தப்பே இல்லை.

அவ்வளவுதான். பழக்கியது நான். சங்கிலியை அவிழ்த்தது நான். பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னதும் நான். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. கொல்லைப்பக்கம் கட்டிப்போட்டிருக்கிறீர்களே நாய், அது நேற்றிலிருந்து தின்னவில்லை என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். வரும்போது நான் கொம்பா என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. புது இடம், அதனால் இருக்கும்.

இனி வாசித்துக் காட்டுங்கள். நிதானமாக. பேர் இசக்கிமுத்து என்றுதானே இருக்கிறது? நல்லது. கடித்தது கொம்பன் என்று எழுதியிருக்கிறீர்களா, அதைப் பாருங்கள். கொன்றது பிச்சை என்று எங்காவது இருந்தால் நான் கைநாட்டு வைக்க மாட்டேன்.